முதலில் தண்ணீர், அப்புறம் மீன்

கடல் மீன் தொட்டி வைப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எந்த மீன் வாங்கலாம்?’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். வரிசையில் அது கடைசிப் பக்கம் வரும்.

கேள்வி: பையனுக்கு அடுத்த ஞாயிறு பிறந்தநாள். அதற்குள் நிமோ மீனோடு ஒரு கடல் தொட்டி தயாராகுமா? (அம்பத்தூரிலிருந்து ஓர் அப்பா)

தொட்டி தயாராகும், கடல் தயாராகாது. அதற்கு ஆறு வாரம் வேண்டும்.

பிறந்தநாளன்று தொட்டியை வையுங்கள். உப்பைக் கிண்ணம் கிண்ணமாக அவனையே கொட்டச் சொல்லுங்கள். உப்பு அளவை அவனே பார்த்து ஒரு நோட்டில் எழுதட்டும். மீன் வருகிற நாளில், அந்தத் தண்ணீர் எப்படி உண்டானது என்று தெரிந்த ஒரு பையன் வீட்டில் இருப்பான். அந்த மீனுக்கு அதைவிட நல்ல வீடு அமையாது.

கேள்வி: நல்ல தண்ணீர் மீன் 12 வருடமாக வளர்க்கிறேன். கடல் மீனை மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம் என்கிறார்கள்? (சேலம்)

உங்கள் கெண்டையும் கப்பியும் குளத்துச் சாதி. மழை வந்தால் கலங்கல், கோடை வந்தால் வற்றல் என்று எல்லாவற்றையும் பார்த்த வம்சம். பவளத்திட்டு மீன் அப்படி இல்லை. அதன் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து லிட்டருக்கு 35 கிராம் உப்பு, 8.2 பக்கத்தில் பி.ஹெச்., ஏறக்குறைய ஒரே சூடு. மாற்றம் என்றால் என்னவென்றே அதன் உடம்புக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அதிகம் தீங்கு செய்யாது, மற்றது செவுளைப் பொசுக்கும். பி.ஹெச். 7 இருக்கும் நல்ல தண்ணீரில் பொசுக்கும் வடிவம் மிகக் குறைவு. 8.2-க்கு ஏறினால் அதன் பங்கு பத்து மடங்குக்கு மேல் கூடிவிடும். இதுவரை உங்கள் தொட்டி மன்னித்த அதே தவறை இந்தத் தொட்டி மன்னிக்காது. 12 வருட அனுபவம் வீண் போகாது. பொறுமை ஏற்கெனவே கையில் இருக்கிறதே, அதுதான் பாதி வேலை.

கேள்வி: ஒன்றரை அடித் தொட்டியில் ஆரம்பித்துப் பழகிவிட்டு அப்புறம் பெரிதாகப் போகலாம் என்று நினைக்கிறேன். சரிதானே? (கும்பகோணம்)

தலைகீழ். சின்னத் தொட்டிதான் கைதேர்ந்தவர்களுக்கு உரியது. ஒரு குடம் தண்ணீரில் ஒரு நத்தை செத்தால் குடமே கெடும், கிணற்றில் செத்தால் கிணறு தாங்கும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று வையுங்கள். கொள்ளளவு 190 லிட்டர் வரும். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதுவே நல்ல அளவு.

கேள்வி: மூன்றாவது மாடி அடுக்ககம். அந்த எடையைத் தரை தாங்குமா? (வேளச்சேரி)

கணக்குப் போடுவோம். 160 லிட்டர் கடல்நீர் 164 கிலோ. 10 மி.மீ. கண்ணாடியில் செய்த தொட்டி 40 கிலோவுக்கு மேல். கல்லும் மணலும் 40 கிலோ என்று வையுங்கள். ஸ்டாண்டையும் சேர்த்தால் கால் டன்னைத் தாண்டும். நாலு பெரியவர்கள் ஒரே இடத்தில் நெருக்கி நிற்பது போல. ஆனால் இவர்கள் உட்காரவே மாட்டார்கள், வருடக்கணக்கில் நிற்பார்கள். ஆகவே கூடத்தின் நடுவில் வேண்டாம். பீம் போகும் சுவரை ஒட்டி, பீமுக்கு மேலேயே வையுங்கள். பழைய கட்டடம் என்றால் ஒரு பொறியாளரைக் கேட்டுவிட்டுத்தான் தொட்டிக்கு அளவே கொடுக்க வேண்டும்.

ஸ்டாண்டை வைத்ததும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை. தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் தாள். ஒரு மூலை தாழ்ந்தாலும் அந்த மூலையின் சிலிக்கோன் ஒட்டுதான் எல்லாப் பாரத்தையும் தாங்கும். ஒரு ராத்திரியில் விட்டுக்கொடுக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் உப்புக்குப் பஞ்சமே இல்லை. மூட்டை உப்பைக் கரைத்து ஊற்றினால் கடல்நீர் ஆகாதா? கடையில் விற்கிற கடல் உப்பு ஏன் அத்தனை விலை? (தூத்துக்குடி)

தூத்துக்குடிக்காரர் கேட்டதால் உங்கள் ஊர் உப்பளத்தை வைத்தே சொல்கிறேன். கடல்நீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் காயவைக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு படியும். இன்னும் சுண்டினால் ஜிப்சம். அதையெல்லாம் தாண்டிய பிறகுதான் உப்புப் பாத்தியில் வெள்ளை வெளேரென்று நாம் சமைக்கிற உப்பு. அதை வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடும். உப்பளத் தொழிலாளியின் திறமையே கடலிலிருந்து சோடியம் குளோரைடை மட்டும் பிரித்தெடுப்பதில் இருக்கிறது. நமக்கு வேண்டியது பிரிக்காத முழுக் கடல்.

கடலில் கரைந்திருப்பதில் 85 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் சோடியமும் குளோரைடும். மிச்சத்தில் மெக்னீசியம் லிட்டருக்கு ஏறக்குறைய 1,280 மில்லிகிராம், கால்சியம் 400 சொச்சம், அதோடு சல்பேட்டும் பொட்டாசியமும். பி.ஹெச். இறங்காமல் பிடித்து வைக்கும் காரத்தன்மையும் அந்த மிச்சத்தில்தான். இவை இல்லாத உப்புநீரில் மீன் சில நாள் நீந்தும். நத்தையும் இறாலும் அதுகூடத் தாங்காது. கடையில் விற்கும் தொட்டி உப்பில் இந்த மிச்சம் எல்லாம் அளந்து கலந்திருக்கும். நீங்கள் கொடுக்கும் காசு அந்தப் பதினைந்து சதவீதத்துக்குத்தான்.

கேள்வி: கடற்கரை வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. கடல்நீரையே கொண்டுவந்து ஊற்றினால் என்ன? (பெசன்ட் நகர்)

பக்கத்தில் அடையாறு கடலில் சேர்கிறது, வடக்கே கூவம். இரண்டும் என்ன கொண்டுவருகின்றன என்று உங்களுக்கே தெரியும். வடகிழக்குப் பருவமழை முடிகிற சமயத்தில் வங்கக் கடலோர நீரில் உப்பும் வெகுவாகக் குறைந்துவிடும். போதாதற்கு, கரையோர நீரில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். குடத்தில் அடைத்ததும் அவை செத்து அழுகும்.

முகத்துவாரம் எதுவும் இல்லாத ஊரில், மழை இல்லாத மாதத்தில், படகில் கொஞ்ச தூரம் உள்ளே போய் எடுக்க வழி இருந்தால் எடுக்கலாம். துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் சில வாரம் வைத்துத் தெளிந்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். சென்னைக் கரை நீர் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வீட்டு ஆர்.ஓ. மிஷின் தண்ணீர் போதுமா? (மதுரை)

போதும், ஒரு திருத்தத்தோடு. வீட்டு மிஷின்களில் ருசிக்காக வடிகட்டிய நீரில் கொஞ்சம் பழைய நீரைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். சிலவற்றில் தாது சேர்க்கும் குப்பியும் இருக்கும். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுத் திருகை மூடச் சொல்லுங்கள், குப்பியைக் கழற்றச் சொல்லுங்கள். டி.டி.எஸ். மீட்டரில் எண் பூஜ்யத்தை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கூடாது. மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். மீனுக்கும் ஆகாது, நாம் வளர்க்கப்போகிற பாக்டீரியாவுக்கும் ஆகாது. ஆர்.ஓ. வெளியே தள்ளும் நீரில் வீடு துடையுங்கள், வீணாக்காதீர்கள்.

கேள்வி: உப்பில் தண்ணீரை ஊற்ற வேண்டுமா, தண்ணீரில் உப்பைப் போட வேண்டுமா? (நாகர்கோவில்)

தண்ணீரில் உப்பு. மாற்றிச் செய்தால் கால்சியம் சுண்ணாம்பாகித் திரிந்து அடியில் படியும், திரும்பக் கரையாது.

கேள்வி: தொட்டி வந்துவிட்டது, உப்பு வந்துவிட்டது, மணலும் கல்லும் வந்துவிட்டன. முதல் நாள் என்ன செய்வது என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். (கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

முதல் நாள் உப்பைத் தொடவே வேண்டாம். குழாய்த் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, தொட்டியைச் சுற்றி அடியில் செய்தித்தாள் விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தாள் எங்கேயாவது நனைந்திருந்தால் தொட்டியைச் செய்தவரைக் கூப்பிடுங்கள். நனையவில்லை என்றால் தண்ணீரை இறைத்துவிடுங்கள்.

உப்பைத் தொட்டிக்கு வெளியே, டிரம்மில் கலக்குங்கள். பழைய நீல டிரம் மலிவாகக் கிடைக்கும். அதில் முன்பு என்ன ரசாயனம் இருந்ததோ, வாங்காதீர்கள். குடிநீருக்கென்று விற்கும் புது டிரம் வாங்குங்கள். அதில் ஆர்.ஓ. நீரை நிரப்பி ஒரு சின்ன மோட்டாரை ஓடவிடுங்கள். உப்பைக் கிண்ணம் கிண்ணமாகத் தூவுங்கள். உப்பு விழுகிற இடத்தில் நீர் நெளிவதைப் பார்க்கலாம்; மே மாதத் தார்ச்சாலைக்கு மேலே கானல் நெளியுமே, அதே போல. நல்ல நீரும் கனமான உப்புநீரும் ஒன்றோடொன்று சேர்கிற காட்சி அது. கொஞ்ச நேரத்தில் டிரம் முழுவதும் பால் கலந்தது போலாகும், பயப்பட வேண்டாம். ஒரு நாள் முழுக்கச் சுழலட்டும், தெளிந்துவிடும். 160 லிட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ உப்பு பிடிக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகவே போட்டு, அளந்து பார்த்துக் கூட்டுங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35, அல்லது ஒப்படர்த்தி 1.026. அந்தக் கருவியையும் அதற்கென்று விற்கும் 35 அளவுத் திரவத்தை வைத்து முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கருவியே பொய் சொன்னால் அப்புறம் எல்லாமே பொய்.

உப்பு சுழல்கிற நாளில் கல்லை அடுக்குங்கள். கல் நேராகக் கண்ணாடித் தரையில் உட்கார வேண்டும். மணல் அதைச் சுற்றி. மணல் மேல் கல்லை வைத்தால் மீன் கீழே தோண்டும், கல் சரியும், கண்ணாடி விரியும். அடுக்கில் நீர் புகுந்து வர இடுக்குகள் விடுங்கள். கை வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பிரித்து மறுபடி அடுக்குங்கள். மணலை அரிசி களைவது போல வாளியில் களைய வேண்டும். ஏழெட்டுத் தண்ணீர் வரை வெளுப்பாகவே ஓடும், விடாதீர்கள்.

இப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டை மணல் மேல் வையுங்கள். உப்புநீரைச் சொம்பால் மெதுவாகத் தட்டின் மேல் ஊற்றுங்கள். நீர் தட்டின் விளிம்பில் வழிந்து, மணலைக் கலைக்காமல் ஏறும். ஒரு சாண் உயரம் வந்தபின் குழாய் போட்டு நிரப்பலாம். தட்டை எடுக்கும்போதும் அவசரம் கூடாது. மோட்டாரைப் போட்டதும் லேசாகப் புகை மாதிரி கலங்கும். மறுநாள் காலை விளக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாது. கல் காற்றில் நிற்பது போலத் தோன்றும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காலை அது.

கேள்வி: தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. கடைக்காரர் மூன்றாம் நாளே மீன் விடலாம் என்கிறார். நீங்கள் ஏன் ஆறு வாரம் என்கிறீர்கள்? (திருச்சி)

அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, அதனால். பளிங்குத் தண்ணீரிலும் மீன் சாகும்.

அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை நுண்ணுயிர், நைட்ரைட்டைத் தின்று அவ்வளவாகக் கெடுதி செய்யாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை. ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் மண்ணிலிருந்து பிரித்துக் காட்டிய கூட்டம் இது. இவை மிக மெதுவாகப் பெருகும். தயிர் உறைகிற வேகத்தை இவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. கல்லின் ஒவ்வொரு துளையிலும் இவை குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

குடியேற உணவு வேண்டும். கட்டைவிரல் நகம் அளவு பச்சை இறால் துண்டை ஒரு வலைத்துணியில் கட்டித் தொட்டியில் போடுங்கள். அழுகும், நாற்றம் வரும், வரட்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை சோதனைக் குப்பியில் 5 மி.லி. நீர் எடுத்து அம்மோனியா சோதனைத் திரவத்தைச் சொட்டு விடுங்கள். மஞ்சளாக இருந்தது பச்சையாகும், அம்மோனியா ஏறிவிட்டது. சில நாளில் பச்சை வெளுத்து மஞ்சளுக்குத் திரும்பும், அதற்குள் நைட்ரைட் குப்பி ஊதாவாகும். அதுவும் ஒரு நாள் தெளியும். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் இருக்கிறது என்று வந்த பின் கொஞ்சம் அம்மோனியம் குளோரைடு விட்டு இன்னொரு சோதனை. 24 மணி நேரத்தில் அது காணாமல் போனால் தொட்டிக்கு உயிர் வந்துவிட்டது. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் கடைக்குக் கிளம்பலாம்.

நானும் என் முதல் தொட்டியில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு நாலாம் நாள் இரண்டு மீன் விட்டேன். ஆறாம் நாள் காலையில் இரண்டும் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் சிவந்திருந்தது. மாற்ற என்னிடம் கலந்துவைத்த உப்புநீர் இல்லை. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. அதிலிருந்து என் வீட்டில் ஒரு டிரம் உப்புநீர் கலந்து தயாராக இல்லாத நாளே இல்லை. நீங்களும் வைத்திருங்கள்.

கேள்வி: மூன்றாம் வாரம் மணலெல்லாம் பழுப்பாகிவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிடட்டுமா? (புதுச்சேரி)

கொட்டாதீர்கள்! புதுத் தொட்டியில் முதலில் வருகிற பாசி அது. நீரிலும் மணலிலும் உள்ள சிலிக்காவை வைத்து வளர்கிறது. தீர்ந்ததும் தானே போய்விடும். பிறகு பச்சைப் பாசி வரும், அப்போது நாலு நத்தைகள் விடலாம். இப்போது கழுவினால் மூன்று வாரம் குடியேறியவர்களையும் சேர்த்துச் சாக்கடையில் ஊற்றுவீர்கள்.

கேள்வி: தினமும் தண்ணீர் குறைகிறது. உப்புநீர் ஊற்றி நிரப்புகிறேன். ஆனால் உப்பு ஏறிக்கொண்டே போகிறதே? (வேலூர்)

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கிறது. 160 லிட்டரில் 10 லிட்டர் போனால் 35 என்பது 37-ஐத் தாண்டிவிடும்; அதன் மேல் நீங்கள் உப்புநீரும் ஊற்றுகிறீர்கள். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டுங்கள். தினமும் காலையில் டேப் வரை ஆர்.ஓ. நீர், உப்பில்லாமல். வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றும்போது மட்டும் உப்புநீர்.

கேள்வி: சித்திரை வெயிலில் என்ன செய்வது? கரண்ட் வேறு போகும். (கடலூர்)

25-லிருந்து 27 டிகிரி நல்லது. 28 வரை தாங்கும், அதற்கு மேல் கவலைதான். சூடு ஏற ஏற நீரில் பிராணவாயு குறையும், மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவைப்படும். நீர்ப்பரப்பின் மேல் சின்ன விசிறி வைத்தால் இரண்டு டிகிரி வரை இறங்கும். பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வித்தை. ஆனால் உங்கள் ஊர் போன்ற கடலோரப் புழுக்கத்தில் அது பாதிதான் வேலை செய்யும். கோடையில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. சில்லருக்குப் பணம் சேரும் வரை தொட்டியைத் தள்ளிப்போடுவதுதான் என் யோசனை.

கரண்ட் போனால் முதலில் நிற்பது நீரோட்டம். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கட்டாயம் வேண்டும். அது தொட்டிக்குக் கீழே இருந்தால் குழாயில் ஒரு வழி வால்வு போடுங்கள். இல்லையென்றால் மோட்டார் நின்றதும் நீர் குழாய் வழியே திரும்பிக் கூடத்துக்கு வந்துவிடும்.

கேள்வி: தொட்டியில் கை வைத்தால் சுருக்கென்கிறது. (ஈரோடு)

இந்த நிமிடமே மெயினை அணையுங்கள். உப்புநீர் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மின்கசிவு வந்தால் தானே விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பழுதான மோட்டாரைத் தூக்கிப் போடுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விழுந்து மேலேற வேண்டும்; வயரில் வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது. இதைச் செய்து முடிக்கும் வரை குழந்தைகளைத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: கடலைக் கண்ணாடிக்குள் அடைக்கும் ஆசை முதலில் யாருக்கு வந்தது? (யாழ்ப்பாணம்)

ஆசை வந்தவர்கள் பலர் இருப்பார்கள். அதைச் சாதித்த முன்னோடிகளில் ஒருவர் லண்டனில் வாழ்ந்த ஆனா தைன் என்ற அம்மையார். 1846-இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். காற்று மோட்டார் இல்லாத காலம். கடல்நீரை ஜன்னலோரம் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றினார்கள். நம் டீக்கடையில் ஆற்றுவது போல. அதில் பெரும்பங்கு வீட்டுப் பணிப்பெண்ணின் உழைப்பு. அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் ‘அக்வேரியம்’ என்ற பெயரிலேயே புத்தகம் போட்டார். அதே ஆண்டு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் வெளியிட்டார். இன்று நாம் வாங்கும் பாக்கெட்டுக்கு மூதாதை அதுதான். நம் பக்கத்தில் சென்னை மெரினாவில் 1909-இல் மீன் காட்சியகம் வந்தது.

கேள்வி: சரி, ஆறு வாரம் காத்துவிட்டேன். இப்போதாவது சொல்லுங்கள், எந்த மீன்? (தஞ்சாவூர்)

காத்தீர்களே, அதற்கே உங்களுக்கு முதல் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு ஜோடி கோமாளி மீன், அதாவது நிமோ. பொரிப்பகத்தில் பிறந்தவையாகக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைப் பொரிக்கும் முறையை நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது. பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்திலும் செய்திருக்கிறார்கள். பொரிப்பகக் குஞ்சு தீவனத்துக்குப் பழகியிருக்கும், தொட்டியைப் பார்த்து மிரளாது. கடலில் பிடித்த மீனின் கதை வேறு. பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் பவளத்திட்டில் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் பழக்கம் 1960-களிலிருந்தே உண்டு. மீன் வெளியே நன்றாகத் தெரியும், சில வாரத்தில் காரணமே தெரியாமல் சாகும். அது பிடிபட்ட இடத்துப் பவளமும் செத்திருக்கும்.

ஜோடி என்றால் ஆணும் பெண்ணும் தேடி அலைய வேண்டாம். கோமாளி மீன் குஞ்சுகளில் பெண்ணே கிடையாது. இரண்டு குஞ்சு வாங்கி விடுங்கள், பெரிதாக வளர்வது பெண்ணாக மாறிவிடும். முட்டையிட்டால் ஆண்தான் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கும் மேல் உங்களோடு இருக்கும். கடல் சாமந்தி எனப்படும் அனிமோன் இல்லாமலே நிம்மதியாக வாழும். அதை ஒரு வருடம் கழித்து யோசியுங்கள்.

வாங்கக் கூடாதது நீலச் சர்ஜன் மீன், பிள்ளைகள் கேட்கும் டோரி. ஒரு அடி வளரும், நீந்த இடம் கேட்கும், 3 அடித் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீனும் வேண்டாம். மிக நுண்ணிய பூச்சிகளை மட்டும் தேடித் தின்னும்; புதுத் தொட்டியில் அவை இருக்காது, கண்ணெதிரே மெலிந்து சாகும்.

கேள்வி: பையில் கொண்டுவந்த மீனை எப்படி விடுவது? (திண்டுக்கல்)

விளக்கை அணையுங்கள். பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுங்கள், சூடு சமமாகும். பிறகு வாளியில் விட்டு, மெல்லிய குழாயால் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் சேருங்கள். மீனை வலையால் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். முடிந்தால் முதல் நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்து வெள்ளைப்புள்ளி நோய் இல்லை என்று தெரிந்த பின் சேருங்கள். அதற்குரிய செம்பு மருந்தைப் பெரிய தொட்டியில் விட்டால் இறாலும் நத்தையும் செத்துவிடும்.

கேள்வி: எங்கள் கரையில் பவளக்கல் ஒதுங்கும். உயிருள்ளது வேண்டுமென்றால் எடுத்துத் தரவும் ஆள் இருக்கிறார்கள். கடையில் காசு கொடுத்து ஏன் கல் வாங்க வேண்டும்? (ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒருவர்)

உங்கள் கடிதத்தைக் கடைசிக்கு வைத்தேன், நிதானமாகப் பேச வேண்டும் என்பதற்காக.

கடற்பவளமும் கடற்குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். எடுத்துத் தருகிறேன் என்பவர் தன்னையும் உங்களையும் சேர்த்தே மாட்டிவிடுகிறார்.

சட்டத்தை விடுங்கள். மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது நீருக்கடியில். பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் அந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளத்தை வெட்டினார்கள். அலையைத் தடுத்த அரண் போனது, தீவின் மணலும் போனது. 1986-இல் அந்தப் பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவானது. அதன் பிறகும் 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. அவ்வளவும் தாங்கி இன்னும் உயிரோடு இருக்கிற கல் அது. ஒதுங்கிய செத்த கல்லிலும் நண்டும் புழுவும் மீன் குஞ்சும் குடியிருக்கின்றன. அலை அதை மறுபடி உள்ளே இழுத்துப் போடும்.

பீங்கானில் சுட்ட கல் கடையில் கிடைக்கிறது. நுண்ணுயிருக்கு வேண்டியது துளை மட்டும்தான். அது இதிலும் இருக்கிறது, ஆறு வாரத்தில் இதிலும் குடியேறும். உங்கள் கரையில் ஒதுங்கும் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அப்புறம் அதைத் தண்ணீரோரம் அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.